பீன்ஸ் விளையும் வீட்டில் பீன்ஸ் பாஸ்தா

கேள்வி: கொடைக்கானல் மலையில் இருக்கும் பூம்பாறையிலிருந்து எழுதுகிறேன். எனக்கு வயது 49, வீட்டுக்காரருக்கு 55. அவருக்கு ஏழு வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறார். பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் பொங்கலுக்கு வந்தபோது மூன்று பாக்கெட் பாஸ்தா வாங்கி வந்தான். ஒன்று கறுப்பு பீன்ஸ், ஒன்று கொண்டைக்கடலை, ஒன்று மசூர் பருப்பு. "இதில் கார்ப்பே கிடையாது, முழுக்கப் புரதம், அப்பாவுக்குச் சோற்றுக்குப் பதிலாக இதையே கொடு" என்று சொல்லிவிட்டுப் போனான். கொண்டைக்கடலை பாஸ்தாவை பாக்கெட்டில் போட்டிருந்த நேரத்துக்கே வேகவைத்தேன். மேலே வெந்திருந்தது, உள்ளே மாவாக இருந்தது. மூடி போட்டு இன்னும் கொஞ்ச நேரம் விட்டேன், நுரை பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது, பாஸ்தா கூழாகிவிட்டது. ஒரு பாக்கெட் 400 ரூபாயாம், மனசு கேட்கவில்லை. எங்கள் தோட்டத்திலேயே பீன்ஸ் விளைகிறது. முற்றிய கொட்டையைக் காயவைத்து மில்லில் அரைத்து நாமே பாஸ்தா செய்துகொள்ள முடியாதா? எனக்குத் தைராய்டு மாத்திரை உண்டு, நானும் இதைச் சாப்பிடலாமா? பெயர் போட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு இடத்தைப் படித்ததும் எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. முற்றிய பீன்ஸ் கொட்டையை மில்லில் அரைப்பது பற்றிக் கேட்டிருக்கிறீர்களே, அந்த இடம். தயவுசெய்து அதை மட்டும் செய்துவிடாதீர்கள். காரணத்தைக் கீழே விரிவாகச் சொல்கிறேன். முதலில் வீட்டுக்காரரின் தட்டைப் பார்ப்போம்.

தம்பி நல்ல மனதோடு வாங்கி வந்திருக்கிறார். ஆனால் "கார்ப்பே கிடையாது", அதாவது மாவுச்சத்தே இல்லை என்று அவர் சொன்னது, அந்த மூன்று பாக்கெட்டில் அதிகம் போனால் ஒன்றுக்குத்தான் ஓரளவு பொருந்தும். அதுவும் அந்தக் கறுப்பு பீன்ஸ் என்ன பீன்ஸ் என்பதைப் பொறுத்தது. பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். சேர்க்கப்பட்ட பொருள்கள் என்ற இடத்தில் கறுப்பு சோயா பீன்ஸ் என்று இருக்கிறதா, வெறுமனே கறுப்பு பீன்ஸ் என்று இருக்கிறதா? இரண்டும் வேறு வேறு பயறு. சோயாவில் புரதமும் கொழுப்பும் அதிகம், மாவுச்சத்து குறைவு. மற்ற கறுப்பு பீன்ஸ் நம்ம ராஜ்மாவின் தம்பி மாதிரி. அதில் பாதிக்கு மேல் மாவுச்சத்துதான்.

ஒரு தட்டுக்கு 80 கிராம் உலர்ந்த பாஸ்தா என்று வைத்துக்கொள்வோம். பசியோடு உட்காரும் ஒரு ஆளுக்கு அவ்வளவு வேண்டும். சாதாரண கோதுமை பாஸ்தா என்றால் அதில் மாவுச்சத்து 60 கிராம், புரதம் 10 கிராம். கொண்டைக்கடலை பாஸ்தாவில் மாவுச்சத்து ஏறக்குறைய 48 கிராம், புரதம் 16 கிராம். மசூர் பருப்பில் மாவுச்சத்து கிட்டத்தட்ட அதே அளவு, புரதம் 19 கிராம் வரை போகும். சோயா பீன்ஸ் பாஸ்தாவில்தான் கணக்கே மாறுகிறது. மாவுச்சத்து 28 கிராம், அதிலும் பாதிக்கு மேல் செரிக்காத நார்ச்சத்து. புரதமோ 34 கிராம் அளவுக்கு இருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் கூடும், குறையும். உங்கள் கையில் இருக்கும் பாக்கெட்டில் என்ன போட்டிருக்கிறது என்பதுதான் உங்களுக்குக் கணக்கு.

இதைச் சோற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 150 கிராம் வெந்த சோறு, அதாவது அமுக்காமல் அள்ளிய ஒரு கப் சோற்றில், மாவுச்சத்து 42 கிராம் போல இருக்கும். அப்படியென்றால் ஒரு தட்டு கொண்டைக்கடலை பாஸ்தா, மாவுச்சத்து அளவில் ஒரு கப் சோற்றுக்குக் குறைந்ததே இல்லை. என்னிடம் வரும் ஒருவர், இங்கே சுற்றுலா வண்டி ஓட்டுபவர், "நான் சோற்றைத் தொடுவதே இல்லை மேடம், பயறு பாஸ்தாதான்" என்றார். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்த சர்க்கரை 240. எவ்வளவு சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். கார்ப் இல்லையே என்ற தைரியத்தில் இரண்டு தட்டு. அவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. பாக்கெட்டின் முன்பக்கத்தில் புரதம் என்று பெரிய எழுத்தில் இருக்கிறது, மாவுச்சத்தோ பின்பக்கத்தில் கடுகு எழுத்தில் இருக்கிறது.

அந்தக் கடுகு எழுத்தில் இரண்டு விஷயம் கவனியுங்கள். ஒன்று, எத்தனை கிராமுக்கு அந்தக் கணக்கு என்பது. அமெரிக்க பாக்கெட்டுகளில் பெரும்பாலும் 56 கிராமுக்குப் போட்டிருப்பார்கள். நம் வீட்டுத் தட்டு அதைவிடப் பெரியது. இன்னொன்று நார்ச்சத்து. அமெரிக்க பாக்கெட்டில் கார்போஹைட்ரேட் என்று போட்டிருக்கும் எண்ணுக்குள்ளேயே நார்ச்சத்தும் அடங்கியிருக்கும். அதைக் கழித்தால்தான் சர்க்கரையாக மாறும் அளவு தெரியும். ஐரோப்பிய பாக்கெட்டில் முன்பே கழித்துவிட்டுத்தான் போடுவார்கள். அதில் நீங்கள் மறுபடி கழித்தால் கணக்கு தப்பாகிவிடும். சேர்க்கப்பட்ட பொருள்களில் மரவள்ளி ஸ்டார்ச், அரிசி மாவு என்று ஏதாவது இருந்தால் மாவுச்சத்து கூடியிருக்கிறது என்று அர்த்தம்.

சரி, அப்போது கொண்டைக்கடலை பாஸ்தாவும் மசூர் பாஸ்தாவும் வீணா? இல்லவே இல்லை. கோதுமை பாஸ்தா சாப்பிடுகிற வீட்டில் அதற்குப் பதிலாக இவை வந்தால் நல்ல மாற்றம்தான். புரதம் கூடுகிறது, நார்ச்சத்து கூடுகிறது, வயிறு சீக்கிரம் நிறைகிறது, அடுத்த வேளை வரை பசி தாங்குகிறது. 55 கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஒரு நாளைக்கு 46 கிராம் அளவுக்குப் புரதம் வேண்டும். ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் என்பது நம் நாட்டு மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐ.சி.எம்.ஆர். சொல்லும் அளவு. மூன்று வேளையும் சோறும் குழம்பும் ரசமும் என்று போகிற வீடுகளில் இது பல நாள் எட்டுவதில்லை. மலையில் குளிருக்கு இதமாக இன்னும் கொஞ்சம் சோறு, இன்னும் ஒரு டம்ளர் சர்க்கரை போட்ட டீ என்று ஓடிவிடுகிறது. அந்த இடத்தில் வாரத்தில் ஒருநாள், இரண்டுநாள் பயறு பாஸ்தா வந்தால் எனக்குச் சந்தோஷம்.

கோதுமை பாஸ்தாவையும் நான் வில்லனாக்கவில்லை. மைதா பன், பிரெட் மாதிரி அது சர்க்கரையைக் கிடுகிடுவென்று ஏற்றிவிடாது. கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் ஒரு வலை போல மாவுச்சத்தைக் கட்டி வைத்திருக்கும். குழைய விடாமல் பல்லுக்குக் கொஞ்சம் எதிர்ப்புக் கொடுக்கும் பதத்தில் இறக்கினால், செரிப்பது இன்னும் நிதானமாக நடக்கும்.

இந்த குளூட்டன்தான் உங்கள் பாஸ்தா கூழானதற்கும் பதில். பயறில் அது கிடையாது. கட்டி வைக்க வலை இல்லாததால், ஒரு நிமிடம் கூடினாலும் மேல்மாவு தண்ணீரில் கரையத் தொடங்கிவிடும். இதோடு நம் மலையும் சேர்ந்துகொண்டது. கீழே வத்தலக்குண்டில் தண்ணீர் 99 டிகிரியை ஒட்டிக் கொதிக்கிறது. ஏறக்குறைய 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பூம்பாறையில் 93, 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு விறகு வைத்தாலும் அதற்கு மேல் சூடு ஏறாது. பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் கீழ்நாட்டு அடுப்புக்கு. நம் அடுப்பில் அந்த நேரத்தில் உள்ளே வேகாது. அதனால் கடிகாரத்தை நம்பாதீர்கள்.

நான் செய்கிற விதம் இது. அகலமான பாத்திரத்தில், 80 கிராமுக்கு ஒரு லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் வைத்து, மூடி போட்டுத் தளதளவென்று கொதிக்க விடுங்கள். உப்பு போடுங்கள். பாஸ்தாவைப் போட்ட பிறகு மூடவே கூடாது. பயறின் புரதம் நுரை கட்டும், மூடினால் நீங்கள் பார்த்தது போலப் பொங்கி வழியும். நுரையைக் கரண்டியால் எடுத்துப் போட்டுவிடுங்கள். போட்ட உடனே ஒருமுறை மெதுவாகக் கிளறினால் போதும், சும்மா சும்மா கிளறினால் உடையும். பாக்கெட்டில் சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பிருந்தே ஒரு துண்டை எடுத்து நகத்தால் கிள்ளி உள்ளே பாருங்கள். நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் இன்னும் வேகவில்லை. அரை நிமிடத்துக்கு ஒருமுறை இப்படிப் பார்த்து, புள்ளி மறையும் அந்த நொடியில் வடித்துவிடுங்கள். நம் உயரத்தில் பாக்கெட் நேரத்தைவிட இரண்டு, மூன்று நிமிடம் கூடலாம். வடித்ததும் கொஞ்சம் பச்சைத் தண்ணீர் விட்டு அலசினால் வேகுவது நின்றுவிடும், பிசுபிசுப்பும் போகும். சீக்கிரம் வேகட்டும் என்று குக்கரில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

கறுப்பு சோயா பாஸ்தாவுக்கு இந்தக் கவலை குறைவு. அது கரையாது, கொஞ்சம் ரப்பர் போல இழுக்கும். வடிக்கும் தண்ணீர் மை கலந்த மாதிரி கறுப்பாக வரும், பயப்பட வேண்டாம், அது தோலின் நிறம். ஒரு பச்சைப் பயறு வாடை இருக்கும். அதற்கு உங்கள் ஊரிலேயே மருந்து இருக்கிறது. மலைப்பூண்டு பத்துப் பல் தட்டி, இரண்டு ஸ்பூன் கடலை எண்ணெயில் பொன்னிறமாகும் வரை வதக்குங்கள். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு, அதன் காரமும் மணமும் வேறு எந்தப் பூண்டுக்கும் வராது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதில் இரண்டு தக்காளி, நறுக்கிய கேரட், பச்சைப் பட்டாணி, தாண்டிக்குடிப் பக்கத்து மிளகை ஒன்றிரண்டாகப் பொடித்துப் போட்டு, வெந்த பாஸ்தாவைப் புரட்டி எடுங்கள். இங்கே ஹோட்டல்களில் கொடுக்கும் வெள்ளை சாஸ் பாஸ்தா வேண்டாம். மைதாவும் வெண்ணெயும் பாலும் சேர்ந்த அந்தக் கலவை, பாஸ்தாவில் நீங்கள் குறைத்ததைத் திரும்பக் கொண்டுவந்துவிடும். மேலே துருவிய சீஸ் ஒரு ஸ்பூன் என்றால் பரவாயில்லை.

இப்போது அந்த மில் விஷயம். பீன்ஸ் கொட்டைகளில், குறிப்பாக ராஜ்மா வகையில், பச்சையாக இருக்கும்போது லெக்டின் என்ற ஒரு பொருள் இருக்கிறது. சரியாக வேகாமல் வயிற்றுக்குள் போனால் சில மணி நேரத்தில் கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். நாலைந்து கொட்டையே போதும். நன்றாக ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் நல்ல கொதியில் அரை மணி நேரம் வேகவைத்தால்தான் அது அழியும். 80 டிகிரி போன்ற குறைந்த சூட்டில் வெந்தால் நஞ்சு இன்னும் கூடும் என்றும் கண்டிருக்கிறார்கள். பச்சைக் கொட்டையை அரைத்துப் பாஸ்தா செய்து ஐந்து நிமிடம் வேகவைத்தால் அந்த லெக்டின் அப்படியே தட்டுக்கு வந்துவிடும். நம் உயரத்தில் கொதியே 94 டிகிரியைத் தாண்டாது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். அதனால்தான் ஆரம்பத்திலேயே வேண்டாம் என்றேன்.

அப்படியென்றால் தோட்டத்துக் கொட்டையை என்ன செய்வது? குக்கர் இருக்கிறதே. குக்கருக்குள் நம் ஊரிலும் 115 டிகிரியை ஒட்டிச் சூடு ஏறும். இரவு ஊறவைத்த கொட்டையைக் காலையில் தண்ணீர் மாற்றி, விரலில் நசுக்கினால் மசியும் வரை குக்கரில் வேகவையுங்கள். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டுவதால் வாயுத் தொல்லையும் குறையும்.

அப்புறம், இப்படி முழுதாக வெந்த கொட்டை, அரைத்துச் செய்த பாஸ்தாவைவிட உங்கள் வீட்டுக்காரருக்கு நல்லது. கொட்டைக்குள் மாவுச்சத்து சின்னச் சின்ன அறைகளில் பூட்டி வைத்திருக்கிறது. வெந்தாலும் அந்த அறைச் சுவர்களில் பல உடையாமல் நிற்கும். குடல் ஒவ்வொன்றாகத் திறந்துதான் உள்ளே போக வேண்டும், சர்க்கரையும் மெதுவாக ஏறும். மில்லில் மாவாக அரைக்கும்போது அந்தச் சுவர்கள் முன்கூட்டியே உடைந்துபோகின்றன. ஒரு கப் வெந்த பீன்ஸ் கொட்டையில் புரதம் 15 கிராம், மாவுச்சத்து 40 கிராம், அதில் நார்ச்சத்து மட்டும் 12 கிராம் போல. மாவுச்சத்து குறைவு என்று இதைச் சொல்ல முடியாது. ஆனால் அது இரத்தத்துக்குப் போய்ச் சேரும் வேகம் குறைவு. நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: கோதுமை பாஸ்தாவுக்குப் பதிலாகப் பயறு பாஸ்தா வரட்டும், தோட்டத்துப் பயறுக்குப் பதிலாக அது வர வேண்டாம். உங்கள் வீட்டில் மூட்டையில் கிடக்கும் கொட்டையை வியாபாரிக்குக் கொடுத்துவிட்டு, அந்தக் காசில் 400 ரூபாய் பாக்கெட் வாங்கும் நிலைமை வரவே கூடாது.

வீட்டிலேயே பாஸ்தா செய்து பார்க்கும் ஆசை இருந்தால் கடலை மாவில் செய்யுங்கள். நான் செய்து பார்த்திருக்கிறேன். வெறும் கடலை மாவு தண்ணீரில் உதிர்ந்துவிட்டது. பாதிக்குப் பாதி கோதுமை மாவு கலந்து, ஒரு முட்டை உடைத்து ஊற்றிக் கெட்டியாகப் பிசைந்து, அரை மணி நேரம் மூடி வைத்து, சப்பாத்தி போல மெல்லிசாகத் தேய்த்து, ரிப்பன் ரிப்பனாக வெட்டிப் போட்டேன். உடையாமல் வந்தது. கோதுமை பாஸ்தாவைவிடப் புரதம் நிச்சயம் கூடுதல். ஆனால் இது மாவுச்சத்து குறைந்த உணவு இல்லை, அளவு பார்த்துத்தான் வைக்க வேண்டும்.

வீட்டுக்காரருக்கு ஆரம்பிக்கும் முன் இரண்டு விஷயம் அவசியம். ஒன்று, கிளிமிபிரைடு. நாம் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சர்க்கரையை இறக்குகிற மாத்திரை அது. வழக்கமாக இரண்டு கப் சோறு சாப்பிடுபவருக்கு ஒரே நாளில் சோற்றை நிறுத்திவிட்டு சோயா பாஸ்தாவை மட்டும் வைத்தால், தோட்டத்தில் நிற்கும்போது வியர்த்து, கை நடுங்கி, கண் இருட்டிக்கொண்டு வரலாம். அப்படி வந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள், சரியாகாவிட்டால் இன்னொருமுறை கொடுங்கள். இது வராமல் இருக்க, முதலில் பாதிச் சோறு, பாதி பாஸ்தா என்று ஆரம்பியுங்கள். மாத்திரையைக் குறைப்பதை டாக்டர் சொல்லட்டும், நீங்களாகச் செய்ய வேண்டாம். இரண்டாவது, சிறுநீரகம். ஏழு வருடச் சர்க்கரை என்பதால் இரத்தத்தில் கிரியாட்டினின், சிறுநீரில் அல்புமின் என்ற சிறுநீரகப் பரிசோதனைகளை இந்த ஒரு வருடத்துக்குள் பார்த்திருக்க வேண்டும். பார்க்காவிட்டால் பார்த்துவிட்டுத்தான் புரதத்தைக் கூட்ட வேண்டும். சிறுநீரகத்தில் குறை இருந்தால் நான் மேலே சொன்ன அளவுகள் அவருக்குப் பொருந்தாது.

உங்களைப் பற்றி: தாராளமாகச் சாப்பிடலாம். தைராய்டு மாத்திரை உடம்பில் சேர்வதை சோயா தடுக்கக்கூடும். காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை போடுகிறவர் என்றால் சோயா பாஸ்தாவை மதியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், நாலு மணி நேர இடைவெளி இருந்தால் போதும். முதல் வாரம் இருவருமே கொஞ்சமாகத் தொடங்குங்கள். பழகாத வயிற்றுக்கு இவ்வளவு நார்ச்சத்து திடீரென்று போனால் உப்பிக்கொள்ளும். குளிரென்று தண்ணீரைக் குறைக்காதீர்கள்.

இன்னும் இரண்டு பாக்கெட் மிச்சம் இருக்குமே, அதை வைத்து ஒரு சோதனை செய்யலாம். ஒருநாள் மதியம் வழக்கமான சோறு, குழம்பு, காய். சாப்பிடும் முன் ஒருமுறை, முதல் வாயிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை, குளுக்கோமீட்டரில் பாருங்கள். இன்னொரு நாள் அதே நேரத்தில், சோற்றில் பாதியைக் குறைத்து அந்த இடத்தில் 40 கிராம் உலர்ந்த பாஸ்தாவை வேகவைத்து வையுங்கள், அதே காய். அதே போல இரண்டு முறை பாருங்கள். சாப்பிட்ட பிறகு பார்ப்பது 180க்குள் இருக்க வேண்டும். இரண்டு நாளும் தோட்ட வேலை ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கட்டும், உழைப்பு கூடினால் சர்க்கரை தானாக இறங்கும். கிடைத்த நாலு எண்களையும், அந்தக் கறுப்பு பாக்கெட்டின் பின்பக்கத்தில் இருப்பதையும் எழுதி அனுப்புங்கள். அவருக்கு எந்த பாஸ்தா, எத்தனை கிராம் என்பதை அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.